அளக்காத ஆற்றுக்கு ஆறு மீட்டர்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, என்னையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் மாண்புமிகு தலைமை ஆசிரியை அவர்களே! இவன் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறானோ என்று இப்போதே தலையைக் குனிந்துகொண்டிருக்கும் ஆற்றுப் பொறியாளர் அம்மையார் அவர்களே! எழுபது கிலோமீட்டர் பேருந்தில் நின்றபடியே வந்து, மேடைக்கு அழைத்தும் ஏறமாட்டேன் என்று முதல் வரிசையிலேயே அமர்ந்துவிட்ட சைக்கிள் கடைச் சகோதரி அவர்களே! இந்த ஊர் நிமிர்ந்து நிற்கத் தங்கள் முதுகை வளைத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாகக் கிடந்தும் நின்றுகொண்டே கேட்பேன் என்று அடம்பிடிக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ரொட்டிக்கடைக்காரனின் அடுப்புச் சூடு ஆறாத வணக்கம்!

ஆறாத வணக்கம் என்றேன். ஆறு என்றால் ஓடுகிற ஆறு. ஆறு என்றால் எண்ணுகிற ஆறு. இந்த இரண்டு ஆறுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஆறாத கோபத்தோடு அலைந்த ஒரு மனிதன் இந்த ஊரில் இருந்தான். அவன் யார்?

யாரம்மா அது, முதல் வரிசையிலேயே விரலை நீட்டுவது? சரியாகத்தான் நீட்டுகிறீர்கள். அவன் நான்தான்!

இன்று காலை நம் பாலத்தின் தூணில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட நீர்மட்டக் கோல் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். இந்த ஆறு பிறந்த நாள்முதல் அதற்கு அமைந்த முதல் கோல் அது. அந்த விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஏன் என்னை? இந்தப் பாலத்தை எதிர்த்து நானூறு கையெழுத்து வாங்கியவன் நான். இந்த அம்மையாரை எதிர்த்து, இதே மேடையில், இதே மைக்கைப் பிடித்து முழங்கியவன் நான். ஆகவே இது பாராட்டுரை அல்ல, ஒப்புதல் வாக்குமூலம்!

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர் எப்படி இருந்தது? இந்தக் கரையில் பள்ளிக்கூடம், அந்தக் கரையில் மருத்துவமனை. நடுவே ஒரு தரைப்பாலம். மழை நாலு தூறல் அதிகமாகப் போட்டால் தரைப்பாலம் தண்ணீருக்குள்! பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கரைக்குப் போக வழியில்லை. காய்ச்சல் தீர்ந்த பிள்ளை பள்ளிக்கு இந்தக் கரைக்கு வர வழியில்லை. உயர்ந்த பாலம் கட்டலாம் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. எவ்வளவு உயரம்? அங்கேதான் வந்தது வினை.

பாலத்தின் உயரத்தைச் சொல்ல வேண்டுமானால் வெள்ளத்தின் உயரம் தெரிய வேண்டும். வெள்ளத்தின் உயரம் தெரிய வேண்டுமானால் யாராவது அளந்திருக்க வேண்டும். அளந்தோமா? ஆற்றில் குளித்தோம், துவைத்தோம், குப்பையும் கொட்டினோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அளந்தோமா? இல்லை!

அப்போதுதான் புழுதி படிந்த ஒரு ஜீப் என் கடை வாசலில் நின்றது. இறங்கியவர் இந்த அம்மையார். ஒரு தேநீரும் இரண்டு பன்னும் வாங்கிக்கொண்டு, நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

“அண்ணே, இந்த ஆத்துல நீங்க பார்த்ததிலேயே பெரிய வெள்ளம் எது? தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் ஓடி வந்தார். “அதை ஏன் கேக்கறீங்க மேடம்! என் சுழல் நாற்காலியே தெரியலை. கண்ணாடியில பாதி வரைக்கும் தண்ணி!” என்று கழுத்தில் கையை வைத்துக் காட்டினார். எதிர்க்கடைத் தச்சர் சிரித்தார். “புளுகாதய்யா. முழங்கால் நனைஞ்சுது, அவ்வளவுதான்.” ஒரே தெரு, ஒரே நாள், எதிரெதிர்க் கடை. ஒருவருக்குக் கழுத்தளவு, ஒருவருக்கு முழங்காலளவு! இருவரும் இன்று இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் முறைக்காதீர்கள், விழா முடியட்டும்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “மேடம், என் கடைக்குள்ள இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லை.”

உள்ளே தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. என் இல்லத்தரசியின் குரல் வந்தது. “என்னங்க, அந்த வருஷம் மாவு மூட்டையெல்லாம் மாடியில ஏத்தினோமே, அது எதுக்கு? காத்து வாங்கவா?”

அம்மையார் அதையும் எழுதிக்கொண்டார். கழுத்தை எழுதினார், முழங்காலை எழுதினார், மாவு மூட்டையையும் எழுதினார். யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. மறுநாள் ஆற்றின் அகலத்தை அளந்தார், சரிவை அளந்தார், மேலே மலைப்பக்கம் போய் நான்கு நாள் காணாமல் போனார்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டு அவர் சொன்னார்: “நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளத்தையும் தாங்கணும்னா, பாலத்தோட அடிப்பக்கம் ஆறு மீட்டர்ல இருக்கணும்.”

எனக்கு உடனே என் கடைப் பலகைதான் நினைவுக்கு வந்தது. ஏன்? பாலம் ஆறு மீட்டர் என்றால் அதற்கு ஏறுகிற சாலை என் கடை வாசலிலிருந்தே உயரத் தொடங்கும். வண்டியில் போகிறவன் கண்ணுக்கு என் கடையின் பலகை தெரியாது, கூரைதான் தெரியும். கூரையைப் பார்த்து எவன் பன் வாங்குவான்? நான்கு மீட்டர் என்றால் வாசல் தப்பும். இதுதான் உண்மைக் காரணம். இதை வெளியே சொன்னேனா? சொல்வேனா! ஊர்நலம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தேன்.

“பொறியாளர் அம்மையாரே! அளக்காத ஆற்றுக்கு ஆறு மீட்டர் எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து விழுந்ததா? அடிமண்ணிலிருந்து முளைத்ததா? ஒரு நாள்கூட அளக்காத ஆற்றுக்கு நூறாண்டு வெள்ளத்தைச் சொல்கிறீர்களே, இது கணிதமா, கைரேகை சாத்திரமா?”

கைதட்டல்! ஐயா, அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அது மனிதனைக் குருடாக்கிவிடும். தட்டியவர்களில் பாதிப் பேர் இன்றும் இங்கே இருக்கிறீர்கள், அப்பாவி முகத்தோடு!

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

“ஆகாயத்துலேர்ந்து எடுக்கலைண்ணே. ஒம்பது ஆத்துலேர்ந்து எடுத்தேன். நம்ம ஆறு மாதிரியே மலையில பொறந்து, இதே மாதிரி மழை வாங்கி, இதே மாதிரி மண்ணுல ஓடுற ஆறுங்க. அங்கெல்லாம் கோல் இருக்கு. வருஷா வருஷம் வந்த பெரிய வெள்ளத்தை எழுதி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு ஆத்துலயும் வழக்கமா வர்ற வருஷ வெள்ளத்தை ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டேன். நூறு வருஷ வெள்ளம் அதுல எத்தனை மடங்குன்னு பார்த்தேன். ஒம்பது ஆறும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்லுது. மூணு மடங்கு.”

“அது அந்த ஆறு! இது எங்க ஆறு!” என்றேன் நான்.

“சரிதாண்ணே. அதனாலதான், எவ்வளவு நிலத்துலேர்ந்து இங்க தண்ணி வடியுது, எவ்வளவு மழை பெய்யுதுன்னு பார்த்து, நம்ம ஆத்தோட அந்த ‘ஒண்ணை’த் தனியாக் கண்டுபிடிச்சேன். அதை மூணால பெருக்கினேன். அவ்வளவு தண்ணி இந்த அகலத்துல ஓடினா எவ்வளவு உசரம் நிக்கும்னு பார்த்தேன். அஞ்சு மீட்டர் வருது.”

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். எனக்கு மிகவும் பழகிய குரல். இரவல் வாங்கவே தேவையில்லாத துணிச்சல் அந்தக் குரலுக்கு.

“ஏம்மா, தங்கச்சி வரலைன்னா அக்காவை அளந்து தங்கச்சிக்குச் சட்டை தைக்கிற மாதிரியா?”

பொறியாளரின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. “அதேதாங்க்கா!”

“அப்படீன்னா ஓரத்துல கொஞ்சம் துணியை மடிச்சு உள்ள விட்டுத் தைக்கணுமே. அக்கா அளவு அப்படியே சரியா இருக்காதே?”

“அந்த மடிச்சு விட்ட துணிதாங்க்கா மேல இருக்கிற ஒரு மீட்டர். அஞ்சும் ஒண்ணும் ஆறு.”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஊரையே என் பக்கம் சேர்த்து வைத்திருந்தேன், வீட்டைக் கோட்டை விட்டுவிட்டேன்!

விட்டேனா? விடவில்லை. மறுநாள் கடைக்கு வந்தவரிடம் வம்பு வளர்த்தேன். “மேடம், நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்தானே? அதுக்குள்ள நானும் இருக்கமாட்டேன், நீங்களும் இருக்கமாட்டீங்க. யாருக்காக இந்தப் பயம்?”

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். “இந்தத் தட்டுல எத்தனை பன் இருக்கும்ணே?”

“நூறு.”

“அதுல ஒண்ணு கருகினதுன்னு வெச்சுக்கங்க. கண்ணை மூடிக்கிட்டு வருஷத்துக்கு ஒண்ணு எடுக்கறீங்க. எடுத்ததைத் திரும்பத் தட்டுலயே வெச்சு, எல்லாத்தையும் கலக்கிடறீங்க.”

“எடுத்த பன்னைத் திரும்ப வெச்சா எவன் வாங்குவான்?”

“வியாபாரத்தை விடுங்கண்ணே, இது உதாரணம்! கருகினது முதல் வருஷமே கையில வரலாம். அடுத்த வருஷமும் அதுவே வரலாம். நூறு வருஷம் காத்திருந்துதான் வரணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. பாலம் அறுபது வருஷம் நிக்கணும். அறுபது தடவை கையை விட்டா, ஒரு தடவையாவது கருகினது மாட்டறதுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

பாதிக்குப் பாதி! அடுப்பில் வைத்த ரொட்டி கருகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் அந்த அடுப்பை நான் பற்றவைப்பேனா? மாட்டேன். மனதுக்குத் தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை. வீம்பு விடவில்லை. நானூறு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “இதை மேலிடத்துக்கு அனுப்பறது உங்க உரிமைண்ணே. அனுப்பறதுக்கு முன்னாடி என்கூட ஒரு தடவை வாங்க. ஒம்பது ஆத்துல ஒரு ஆத்தைக் காட்டறேன்.”

போனேன். எதற்காக? ஓட்டை கண்டுபிடிக்க! எங்கேயாவது ஒரு தப்பு, ஒரு பொய், ஒரு சோம்பேறித்தனம் சிக்காதா என்று கழுகுக் கண்ணோடு ஜீப்பில் ஏறினேன்.

எழுபது கிலோமீட்டர். ஆற்றங்கரையில் ஒரு சைக்கிள் கடை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். “கொஞ்சம் நில்லுங்க, குமிழி வருது” என்றார். ஒட்டுப் போட்டு முடித்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். எங்கள் ஊரில் கட்டப்போகும் பாலத்துக்காக வந்திருக்கிறோம் என்றார் பொறியாளர். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கடையை விட்டு இறங்கிப்போய், ஆற்றில் நிற்கும் கோலில் தண்ணீரின் மட்டத்தைப் படித்து எழுதுவது அவருடைய இன்னொரு வேலை. இருபத்தொன்பது ஆண்டுகளாக!

பின்னறையில், வரிசையாகப் பிஸ்கட் டின்கள். ஒவ்வொன்றிலும் நோட்டுப்புத்தகங்கள். நான் நீதிபதி மாதிரி ஒன்றை எடுத்துப் புரட்டினேன். தேதி, நேரம், அளவு. தேதி, நேரம், அளவு. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

“ஏம்மா, ஒரு நாள்கூடவா விட்டதில்லை?”

“என் கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் மட்டும் என் தம்பி போய்ப் படிச்சான்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “அதையும் நான் போய்ச் சரிபார்த்தேன்.”

பொறியாளர் ஒரு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டு. பென்சில் எழுத்து. அந்தப் பக்கத்தை நான் இன்று மனப்பாடமாகச் சொல்லுவேன். “காலை எட்டு: மூன்று மீட்டர் நாற்பது. ஒன்பது: நான்கு மீட்டர் பத்து. பத்து: நான்கு மீட்டர் எழுபது. பதினொன்று: கோல் முழுகிவிட்டது. வீட்டுச் சுவரில் கோடு போடுகிறேன். பன்னிரண்டரை: இரண்டாவது கோடு. இரண்டு மணி: மேசைமேல் நிற்கிறேன். மூன்றாவது கோடு. இரண்டே முக்கால்: ஏறவில்லை. அதே கோடு.”

நான் தலையைத் தூக்கினேன். நான் நின்றுகொண்டிருந்த அறைதான் அது! என் முதுகுக்குப் பின்னால் சுவரில் மூன்று கோடுகள். முதல் கோடு என் இடுப்பில். இரண்டாவது என் தோளில். மூன்றாவது கோட்டைத் தொட நான் கையைத் தூக்க வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள், நான் குள்ளம்தான். ஆனால் அவ்வளவு குள்ளம் இல்லை!

அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். “ஏம்மா, ஓடிப்போகாம மேசைமேல ஏறி நின்னு கோடு போட்டீங்களா?”

“பிள்ளைங்களைக் காலையிலேயே மேட்டுக்கு அனுப்பிட்டேன். ஓட்டுமேல ஏறுறதுக்கு ஏணியும் கட்டி வெச்சிருந்தேன்” என்றார் அவர், ஏதோ பால் பொங்கியதைச் சொல்வதுபோல. “எல்லாரும் ஓடிட்டா, எவ்வளவு வந்துச்சுன்னு யாருக்குங்க தெரியும்?”

அந்த ஒரு வரி! அன்பர்களே, ஆயிரம் மேடை ஏறியவன் நான். அரை மணி நேரம் பேசி அழவைப்பேன், அடுத்த நிமிடம் சிரிக்கவைப்பேன். என்னை ஒரே வரியில் உட்காரவைத்தவர் இவர். என் கண்ணில் தண்ணீர். அதை அளக்கத்தான் அங்கே கோல் இல்லை.

அவர் எனக்கு ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டு, தயக்கத்தோடு கேட்டார். “இத்தனை வருஷமா எழுதி அனுப்பறேன். இது யாருக்காவது உதவுதாங்க? யாரும் வந்து கேட்டதே இல்லை. நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. உங்க ஊர்ப் பாலம் எவ்வளவு உசரம்னு முடிவாயிடுச்சா?”

நான் பொறியாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே! என் பையில் நானூறு கையெழுத்து. என் எதிரில் இருபத்தொன்பது ஆண்டு.

“ஆறு மீட்டர்மா” என்றேன். “முடிவாயிடுச்சு.”

அந்தக் கையெழுத்துக் காகிதங்கள் என்ன ஆயின என்று யாரோ கேட்கிறீர்கள். கேட்காதீர்கள். அந்த வாரம் என் கடையில் பன் வாங்கியவர்கள், பொட்டலத்தைப் பிரிக்கும்போது தங்கள் பெயரையே படித்திருப்பார்கள்!

பாலம் எழுந்தது. ஆறு மீட்டர். என் கடைப் பலகை மறைந்தது. என்ன செய்தேன்? பலகையைக் கழற்றிக் கூரைமேல் மாட்டினேன். முன்னைவிட இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. இந்த எளிய வழி தெரியாமல் ஒரு ஊரையே கூட்டி உரையாற்றியிருக்கிறேன்!

சென்ற ஆண்டு மழை வந்தது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் ஆறு செம்மண் நிறத்தில் சுருண்டு புரண்டு வந்தது. மரங்கள் மிதந்து வந்தன. பகல் ஒரு மணிக்குப் பாலத்தின் நடுவே நின்று குனிந்து பார்த்தேன். கீழே ஆறு உறுமுகிறது. மேலே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் குடையைச் சுழற்றிக்கொண்டு நடக்கிறார்கள். மருத்துவமனைக்கு என் ரொட்டி வண்டி போகிறது. வலி எடுத்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ போகிறது. அந்தப் பிள்ளை இப்போது இந்தக் கூட்டத்தில்தான் அழுதுகொண்டிருக்கிறது. அழட்டும் அம்மா, அழட்டும். என் பேச்சைப் பற்றி அதற்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு!

கரையிலிருந்து தூணை எட்டிப்பிடித்து, தண்ணீர் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். ஏன் போட்டேன்? தெரியாது. கை தானாகப் போட்டது. தண்ணீர் வடிந்தபின் மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கி, மூன்று முறை மாற்றி மாற்றிப் பிடித்து அளந்தேன். நான்கு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்! நான் கேட்ட நான்கு மீட்டரில் பாலம் நின்றிருந்தால், தண்ணீர் அதன் அடிவயிற்றைத் தாண்டி ஏறக்குறைய ஒரு முழம் ஏறி, மிதந்து வந்த மரமெல்லாம் அதில்தான் மோதியிருக்கும்.

பொறியாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மேடம், நாலு நாப்பதுதான் வந்துச்சு. நீங்க சொன்ன அஞ்சு வரலை.”

“வராததுல உங்களுக்கு வருத்தமாண்ணே?” என்று சிரித்தவர், சட்டென்று கேட்டார்: “நாலு நாப்பதுன்னு எப்படித் தெரியும்?”

கோடு போட்டதைச் சொன்னேன், நாடாவைச் சொன்னேன். “இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே” என்றார்.

“என்ன மேடம், தப்பா அளந்துட்டேனா?”

“இல்லைண்ணே” என்றார். “இந்த ஆத்துல எடுத்த முதல் அளவு அது.”

தாய்மார்களே, பெரியோர்களே! எண்ணிப் பாருங்கள். நம் ஊர்ப் பாலத்தை நிறுத்தியது எது? சிமென்டா? கம்பியா? அவையும்தான். ஆனால் எத்தனை உயரத்தில் நிறுத்துவது என்று சொன்னது எது? நாம் பார்த்தறியாத ஒன்பது ஊர்களில், காய்ச்சலிலும் கடும் மழையிலும், கல்யாண நாளிலும் கரைக்கு இறங்கி, எவருக்காக எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதிவைத்த மனிதர்களின் பென்சில் எழுத்து! அவர்கள் நமக்கு உறவா? உற்றாரா? ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மற்ற எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள்? என்ன செய்கிறார்கள்? தெரியாது. அவர்கள் இருக்கும் திசை தெரியாததால், எல்லாத் திசையையும் நோக்கிக் கும்பிடுகிறேன்!

கோல் இல்லாத ஆறு நம் ஆறு மட்டும்தானா? நம்மைப்போல் எத்தனை ஊர்! எத்தனை ஆறு! ஒரு நாள் அங்கே ஒரு பொறியாளர் போய் நிற்பார். ஓர் ஊர் அவரைச் சூழ்ந்துகொள்ளும். என்னைப்போல் ஒரு வாய்ச்சொல் வீரன் எழுந்து, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்பான். கேட்கட்டும்! கேட்க வேண்டும்! அன்று அவர் நோட்டைத் திறந்து நம் ஆற்றின் கணக்கைக் காட்டட்டும். கைநீட்டி வாங்கிய ஊர் இது. இனி கொடுக்கும் ஊர் இது!

அதைக் காலையும் மாலையும் எழுத ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மூன்று பேர் விண்ணப்பம் போட்டார்கள். தேர்வு வைத்தவர் முதல் வரிசையில் இருக்கிறாரே, அந்தச் சைக்கிள் கடைச் சகோதரி. தன் ஊருக்கு வரவழைத்து, மழையில் நிற்கவைத்து, அங்கிருக்கும் கோலைப் படிக்கச் சொன்னார். இரண்டு பேர் அலை ஏறியபோது படித்தார்கள். ஒருவன் மட்டும் அலை ஏறி இறங்கும்வரை காத்திருந்து, இரண்டுக்கும் நடுவே படித்தான். அவன்தான் உங்கள் முன் நிற்கிறான்! எதிர்த்தவனுக்கு எவ்வளவு நல்ல தண்டனை பாருங்கள், வாழ்நாள் முழுக்க எட்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் ஆற்றங்கரையில் ஆஜராக வேண்டும்!

தலைவர் அவர்கள் மணியில் கையை வைத்துவிட்டார்கள். என் வாக்குமூலத்தைப் பொறுமையோடு கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. எதிர்த்தவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன பொறியாளருக்கு நன்றி. மேசைமேல் ஏறி நின்ற சகோதரிக்கு, என் மொழியில் சொல் போதாத நன்றி. வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சொன்னால், “சரி சரி, போய் அடுப்பைப் பாருங்க” என்பார். ஆனாலும் நன்றி.

இதோ என் கையில் புது நோட்டு. முதல் பக்கம், முதல் வரி. நானே எழுதியது, நானே படிக்கிறேன். இன்று காலை எட்டு மணி. ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

வணக்கம்!